வேறுபாடு இல்லை

மேடையில் நிற்பவள் என் மனைவி. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருத்தரங்க அறையின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் செண்பகவல்லி வேறு யாரோ மாதிரி இருக்கிறாள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டு, மெல்லிய கரை. எப்போது வாங்கினாள், யாரோடு போய் வாங்கினாள், தெரியாது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று "இது பரவாயில்லையா?" என்றாள், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். தூக்கியிருக்கலாம். தூக்கியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். ஏசி குளிர் முதுகில் இறங்குகிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு நர்சிங் மாணவி கொட்டாவியைக் கையால் மூடுகிறாள். அவளுக்கு இது வருகைப் பதிவு, எனக்கு இது என்ன? வாய்மொழித் தேர்வு. என் மனைவி முனைவர் ஆகப்போகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், அதில் 'டாக்டர் செண்பகவல்லி' என்பது மேலேயும், வெறும் குற்றாலலிங்கம் கீழேயும் இருக்கும். என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகி எத்தனையோ வருஷம். என் நெறியாளர் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தார், பிறகு நான் அதைப் பற்றிப் பேசுவதை விட்டேன். செண்பகமும் கேட்பதை விட்டாள். கேட்காமல் இருந்தது கருணை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நர்ஸ் வாரம் ஒரு தடவை போன் பண்ணி, சாப்பாடு, மாத்திரை, நடைப்பயிற்சி பத்தி விசாரிச்சா, சர்க்கரை நோயாளிகளோட சர்க்கரை குறையுமா? இதுதான் என் கேள்வி," என்கிறாள் மைக்கில். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பின்வரிசை மாணவிகளுக்காகத் தமிழுக்கு வந்துவிட்டாள். "என்னோட நல் ஹைப்பாதிசிஸ், போன் பண்ணினாலும் பண்ணாட்டாலும் வேறுபாடு இல்லை. ஆல்டர்னேட்டிவ், வேறுபாடு இருக்கு." நல். பாடப்புத்தகத்தில் இன்மை எடுகோள் என்று போட்டிருப்பான், ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் அது நல் தான். நான் புள்ளியியல் நடத்துகிற கல்லூரியில் ஒரு பையன் ஒருமுறை எழுந்து, "அது நல்லதுன்னா, மாற்று எடுகோள் கெட்டதா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு விளக்கினேன். ஒன்றுமில்லை என்பதுதான் நல். மருந்தில் ஒன்றுமில்லை, உரத்தில் ஒன்றுமில்லை, நீ சந்தேகப்படுகிற இடத்தில் ஒன்றுமில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீ எதை நம்ப ஆசைப்படுகிறாயோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். சாட்சி உன்னை இழுத்துக்கொண்டு வந்தால் மட்டும் எழுந்து வா. அழகாகச் சொல்வேன். வருஷா வருஷம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மாற்று எடுகோளின் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அருமைநாயகம் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுடைய நெறியாளர். இந்த ஊர் வெயிலில் கோட்டு. தலை பாதி நரைத்திருக்கிறது, அந்த நரை அவருக்குப் பொருந்தியும் இருக்கிறது, எனக்கு வந்த நரை அப்படிப் பொருந்தவில்லை. அவள் ஒவ்வொரு ஸ்லைடு மாற்றும்போதும் லேசாகத் தலையாட்டுகிறார். அவள் அவரைப் பார்க்கிறாள், பிறகு திரையைப் பார்க்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தாளோ, நான் குனிந்திருந்தபோது? நல்: இவர்களுக்குள் ஒன்றுமில்லை. சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன், நான் நியாயமானவன். சாட்சிகள்: மழை பெய்த அன்று அவருடைய கார் தெருமுனையில் நின்றது, வாசல்வரை வரவில்லை. ஏன் வரவில்லை? தெரு தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால். சரி, அதைத் தள்ளு. சாயங்காலங்களில் போன். மாடியில் துணி எடுக்கப் போகிறவள் போனை எடுத்துக்கொண்டு போவாள், துணியெல்லாம் அவள் தோளிலேயே கிடக்கும், பேச்சு நீளும். ஒருநாள் படிக்கட்டில் பாதியில் நின்று அவள் பேசுவதைக் கேட்டேன். கேட்கவேண்டும் என்று நிற்கவில்லை, காலுக்குச் செருப்புத் தேடினேன். "வேண்டாம் சார், விடுங்க," என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு, "எனக்கு மனசு ஒப்பல சார்." கீழே இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. "தூசி," என்றாள். மனசு ஒப்பாத விஷயம் என்ன? எந்த விஷயத்துக்கு ஒரு பெண்ணிடம் ஒரு ஆண் அவ்வளவு தூரம் கெஞ்ச வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் முதல் வகைப் பிழை, இருப்பதை இல்லை என்று விட்டால் இரண்டாம் வகைப் பிழை. முதல் பிழையில் மனைவியை இழப்பேன். இரண்டாவதில் நான் மட்டும் ஏமாளி ஆவேன். கணக்குப்படி எது மலிவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் இரண்டையும் தேர்ந்தெடுக்காமல் படிக்கட்டில் நின்றவன்.

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. இந்த மாவட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கினவர்களில் பாதிப்பேர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்த்துறை, வணிகவியல், உடற்கல்வி, எல்லோரும். தகவலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், எதை எதோடு ஒப்பிட வேண்டும், எந்தச் சோதனை போட வேண்டும் என்று நான் சொல்வேன். "லிங்கம் சார் இல்லன்னா நான் இல்ல" என்று நன்றியுரையில் எழுதுவார்கள். என் மனைவி மட்டும் ஒரு தாள்கூடக் கொண்டுவரவில்லை. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாருடைய வீடியோவையோ நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தானே கற்றுக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் யாரோ ஒருவருக்கு அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். பிறகு, வந்தால் என்ன சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று காத்திருந்தேன். அச்சடித்துக் கட்டிய ஆய்வேட்டை மேசையில் வைத்து, "நேரம் கிடைச்சா பாருங்க," என்றாள். எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த மேசையில் தினமும் சாப்பிட்டேன், அதைத் தள்ளி வைத்துவிட்டு. முதல் பக்கத்தைத் திறந்தால் நன்றியுரையில் அருமைநாயகத்துக்கு எத்தனை வரி, எனக்கு எத்தனை வரி என்று கண் எண்ணிவிடும் என்று பயந்தேன்.

திரையில் ஒரு பெரிய அட்டவணை. சின்ன எழுத்து. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன், பழக்கம், அட்டவணை என்றால் கண் தானாகக் கடைசிப் பத்திக்குப் போகும். சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம், பாதப் பராமரிப்பு, மனச்சோர்வு என்று வரிசையாகப் போகிறது. அந்தப் பத்தியில் எண் பாயிண்ட் ஜீரோ ஃபைவுக்குக் கீழே வந்தால்தான் தேறியது, இங்கே எல்லாம் பெரிய எண்கள், ஒன்றும் தேறவில்லை. தூக்கத்தின் தரம் என்ற வரியில் மட்டும் பாயிண்ட் ஜீரோ த்ரீ, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆக, சர்க்கரையைத் தேடிப் போனவள் தூக்கத்தோடு திரும்பி வந்திருக்கிறாள். பன்னிரண்டு விஷயங்களை அளந்து பன்னிரண்டு தடவை சோதித்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட ஏதாவது ஒன்று தற்செயலாக மின்னுவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது என் மேசைக்கு வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். வரவில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோட்டு. அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டார், ஒரு மாணவிக்குப் பட்டம் கிடைத்தால் அவருக்கும் ஒரு எண்ணிக்கை. இப்போது நட்சத்திரத்தைக் காட்டி இதுதான் கண்டுபிடிப்பு என்பார்கள். கைதட்டுவார்கள். அறையில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன். பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்பது விதி. கணவன் கேட்கக்கூடாது என்று விதியில் இல்லை.

நான் கேட்டால் அது உண்மைக்காகவா, பொறாமைக்காகவா? இதையும் ஒழுங்காகப் பார்ப்போம். நல்: எனக்குப் பொறாமை இல்லை, நான் புள்ளியியல்காரன், யார் மேடையில் நின்றாலும் இதைக் கேட்பேன். யார் நின்றாலுமா? போன மாதம் வணிகவியல் துறைப் பையனுடைய தேர்வில் இதே மாதிரி ஒரு அட்டவணையைப் பார்த்தேன், சமோசா சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆக அந்த நல் போயிற்று. ஆனாலும் பொறாமைக்காரன் கேட்டால் கேள்வி பொய்யாகிவிடுமா? கேட்பவனின் வயிறு எப்படி எரிந்தால் என்ன, பன்னிரண்டு பன்னிரண்டுதான். இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்து, கால் வீங்கி, என் ஆய்வுக்காக நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்த குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொடுத்தாள். நான் அதை முடிக்கவில்லை. அவளுடைய தட்டச்சும் அதோடு போயிற்று. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம். மைக்கில் அவள் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறது, முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரிக்கிறார்கள், அருமைநாயகம் கையை விரித்துத் தோளைக் குலுக்குகிறார், என்னவோ அவர்களுக்குள் ஒரு வேடிக்கை. அவர்களுக்குள். காது சூடாகிறது. ஸ்லைடு மாறுகிறது, மறுபடி மாறுகிறது, நன்றி என்று பூப்போட்ட எழுத்தில் வருகிறது. கைதட்டல். புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் வெளித்தேர்வாளர் மீனலோசனி அம்மாள் தன் பங்குக்குச் சில கேள்விகள் கேட்கிறார், செண்பகம் தடுமாறாமல் பதில் சொல்கிறாள். "பார்வையாளர்கள் யாராவது?" என்று அருமைநாயகம் திரும்பிப் பார்க்கிறார். என் கை மேலே இருக்கிறது. நான் தூக்கியதாக நினைவில்லை.

மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. மாணவி நகர்ந்து வழிவிட்டாள். செண்பகம் என்னைப் பார்த்தாள். இன்று முதல்தடவையாகப் பார்த்தாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை, சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"ஒரு சின்னச் சந்தேகம்," என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் யாருடையதோ மாதிரி கேட்டது. "பன்னிரண்டு விஷயம் சோதிச்சிருக்கீங்க. அதுல ஒண்ணே ஒண்ணுதான் தேறியிருக்கு, தூக்கம். அத்தனை சோதனை போட்டா தற்செயலாவே ஒண்ணு தேறும். இதைக் கண்டுபிடிப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

அறையில் ஒரு சலசலப்பு. நான் எதிர்பார்த்த சலசலப்பு இல்லை அது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி, யார் இது என்பது போல என்னைப் பார்த்தார்கள். பக்கத்து மாணவி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மடியைப் பார்த்தாள்.

"அதை இப்பத்தான் சொன்னேன் சார்," என்றாள் செண்பகம். சார். "பரவாயில்ல, மறுபடி சொல்றேன்." ஸ்லைடுகளைப் பின்னால் ஓட்டினாள். நான் பார்க்காமல் விட்ட ஒன்று திரையில் வந்து நின்றது. பெரிய எழுத்து, குழந்தைக்கும் தெரியும். "என்னோட ஆராய்ச்சியில சர்க்கரை குறையல. இன்மை எடுகோளை என்னால நிராகரிக்க முடியல. அதுக்காகப் போன் பண்றதுல பலனே இல்லன்னு நிரூபிச்சுட்டதா அர்த்தமும் இல்ல. பலன் இருக்குன்னு காட்ட எங்கிட்ட சாட்சி இல்ல, அவ்வளவுதான். தூக்கத்தைப் பொறுத்தவரை நீங்க சொன்னதேதான் சார். பன்னிரண்டுல ஒண்ணு தற்செயலா வந்திருக்கலாம். நான் தேடிப் போனது அது இல்ல. அதனால அதைக் கண்டுபிடிப்புன்னு நான் சொல்லல. வேற யாராவது அதையே கேள்வியா வச்சு, புதுசா ஆரம்பிச்சு, பார்க்கட்டும். ஆய்வேட்டுல அப்படியே எழுதியிருக்கேன்."

அருமைநாயகம் சிரித்துக்கொண்டே எழுந்தார். "இதுல ஒரு சின்னக் கதை இருக்கு," என்றார். "நான்தான் இவங்களை வற்புறுத்தினேன். சர்க்கரையைக் கீழ தள்ளிட்டு, தலைப்பைத் தூக்கம்னு மாத்துங்க, ஆரம்பத்துலேர்ந்தே அதைத்தான் தேடினோம்னு எழுதுங்க, பத்திரிகையில சுலபமா போட்டுருவாங்கன்னு. நிறைய பேர் செய்யுறதுதானே. மாசக்கணக்கா போன்ல சண்டை. எனக்கு மனசு ஒப்பல சார், எனக்கு மனசு ஒப்பல சார், இது ஒண்ணுதான் பதில். ஒரு கட்டத்துல வேற நெறியாளரைப் பாருங்கன்னுகூடச் சொல்லிட்டேன். அழுதாங்க, ஆனா மாத்தல. கடைசியில தோத்துப்போய்க் கையெழுத்துப் போட்டது நான்தான்." அறை சிரித்தது. மீனலோசனி அம்மாள் சிரிக்கவில்லை. "ஒன்றுமில்லை என்று வந்ததை ஒன்றுமில்லை என்றே எழுதிய ஆய்வேட்டை நான் அபூர்வமாகத்தான் படிக்கிறேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். ஒரு கையில் மைக் இருந்ததால் தட்ட முடியவில்லை, ஸ்பீக்கரில் கரகரவென்று ஏதோ சத்தம் வந்தது, யாரோ அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

வராந்தாவில் தட்டில் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். தூணோரமாக நின்று, கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு ஒப்பல சார். அந்த மூன்று சொல்லை வைத்து ஒரு கட்டிலையும் ஒரு அறையையும் ஒரு பொய் வாழ்க்கையையும் கட்டினேன். இரண்டே இரண்டு எடுகோள்தான் என்று எப்படி முடிவு செய்தேன்? ஒன்றுமில்லை, அல்லது அது. மூன்றாவதாக ஒன்று, அவள் தனியாக நின்று யாரோடோ சண்டை போடுகிறாள் என்பது, ஏன் என் புத்தியில் ஏறவே இல்லை? சரி, அந்தப் பொறாமை போயிற்று என்றால் வயிறு ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது? எரிகிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது. சமோசா தின்றுவிட்டுக் கிளம்பி வந்தவன் நான். நெறியாளரே விட்டுவிடு என்றபோது விடாமல் நின்றவள் அவள். மாவட்டத்தில் பாதிப்பேருக்கு நான் வெறுமனே சொல்லிக்கொடுத்ததை, சுவருக்கு அந்தப் பக்கம், அவள் நிஜமாகவே நம்பியிருக்கிறாள். பட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போலிருக்கிறது, இதைப் பொறுக்க முடியவில்லை.

அவள் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். யார் யாரோ வாழ்த்த, தலையை ஆட்டிக்கொண்டே வந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்தாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தேன், களைப்பாகத்தான் இருந்தாள்.

"நல்ல கேள்விதான்," என்றாள்.

"நான் கவனிக்கல."

"தெரியும். கேக்குறப்பவே தெரிஞ்சுது."

"செண்பகம், இவ்வளவு நடந்திருக்கு. இது என் வேலை. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன்கிட்ட நானே வந்து பேசியிருப்பேன். ஏன் சொல்லல?"

டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கவில்லை, பதில் அவளிடம் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, சொல்லலாமா என்றுதான் பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் பாடுபட்டு கடைசியில ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. வந்து சொன்னா, நீங்க ஆறுதலா நாலு வார்த்தை சொல்லியிருப்பீங்க. ஆனா அதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம், உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வந்துட்டுப் போயிருக்கும். உங்களையறியாமதான். அதை என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சு. அழுதாலும் பரவாயில்ல, மாடியில நின்னு அழுதுக்கலாம்னு இருந்துட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டால் அவள் தலையாட்டுவாள், காபியைக் குடித்து முடிப்பாள், வீட்டுக்குப் போவோம், மறுபடி அதே மேசை, அதே சுவர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், சர்க்கரை குறையல, நிராகரிக்க முடியல என்று அவள் மைக்கில் சொன்னபோது எனக்கு என்ன நடந்தது? எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டு நின்ற அந்தக் கணத்திலும், நெஞ்சுக்குள் எங்கோ, வெயிலில் வந்தவன் தண்ணீர் குடித்தது மாதிரி ஒரு குளிர்ச்சி இறங்கியதே, அது என்ன? இறங்கியது. இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

"வந்திருக்கும்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து, இல்லை, எத்தனையோ காலமாக, இப்படிப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்தது, தூசி என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், டாக்டர் மேடம், டாக்டர் மேடம் என்று. அந்தச் சொல் எனக்கு வலித்தது, வலித்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் முகத்தைத் திருப்பாமல் நின்றேன்.

"சேலை நல்லாருக்கு," என்றேன்.

"உங்க தங்கச்சி எடுத்துக் குடுத்தா," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள்.